தீபாவளித் தட்டில் ஒரு பந்தயக் கார்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது தீபாவளி அன்று துரை பங்களாவுக்குத் தட்டுத் தூக்கியிருக்கிறீர்களா? தூக்கியிருந்தால் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், எலுமிச்சம்பழம், கற்கண்டு, மேலே ஒரு மாலை. வரிசையில் நின்று, நம் முறை வந்ததும் தட்டை நீட்ட வேண்டும். துரை ஒரு பழத்தைத் தொட்டுவிட்டு "நல்லது, போ" என்பார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட். அந்த ஒற்றைப் பிஸ்கட்டுக்காக விடியுமுன் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் கண்ணில் பட்டு ஊரைக் கூட்டி அழுது, காய்ந்தும் காயாத தலையோடு போய் நிற்போம். பெரியவர்களை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்பது நம் ஆட்களின் வேதம். பெரியவர் யார் என்பதில்தான் நம் ஆட்கள் கொஞ்சம் தாராளம்.

ஒரு வருஷம் எங்கள் வீட்டுத் தட்டில் பழத்தோடு ஒரு காரும் போனது. தகரத்திலும் பித்தளையிலும் என் அண்ணன் தன் கையால் செய்த பந்தயக் கார். இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பீடோர், சுங்காய் என்ற இரண்டு மலாய் ஊர்களுக்கு நடுவில் இருந்த ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரன் காலம். ரப்பர் விலை ஏறி, துரைமார் கையில் காசு புரண்ட வருஷங்கள். எங்கள் அப்பா பால் வெட்டுகிற ஆட்களுக்கு மண்டோர், அதாவது அவர்களை மேய்க்கிற ஆள். அம்மா அந்த மந்தையில் ஒருத்தி; காலையில் அப்பா அதட்டுகிற குரலுக்குப் பயந்து ஓடுவாள், சாயங்காலம் அதே அப்பாவை வீட்டில் அதட்டுவாள். அண்ணனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டுகிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவனுக்கு. நான் கடைக்குட்டி. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அண்ணன் என்னைத் தரையில் விட மாட்டான்.

துரையிடம் இரண்டு கார்கள். ஊருக்குப் போய்வர ஒன்று. இன்னொன்று பந்தயத்துக்கு. எங்கள் பக்கம் காரைக் காடி என்போம், அதனால் அதன் பெயர் ரேஸ் காடி. நீண்ட மூக்கு, கரும்பச்சை உடம்பு, மூக்கின் மேல் குறுக்கே ஒரு தோல்வார், பக்கவாட்டில் வெளியே நீளும் புகைக்குழாய். அது கிளம்பினால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கோழிகள் எல்லாம் கூரையில் ஏறிவிடும். ஈப்போ பக்கம் மலைச்சாலைகளில் வெள்ளைக்காரர்கள் கூடி யார் வேகமாக ஏறுவது என்று ஓட்டிப் பார்ப்பார்கள். துரை ஜெயித்து வந்தால் மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, யாருக்கும் திட்டு விழாது. தோற்று வந்தால் அப்பாவுக்கு விழும், அப்பாவிடமிருந்து மற்றவர்களுக்கு விழும்.

அண்ணன் அந்தக் காடியின் மேல் பைத்தியமாக இருந்தான். வேலை முடிந்ததும் பங்களாவுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போய்விடுவான். அங்கே துரையின் டிரைவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். நல்ல மனிதர், ஆனால் நிழலைக் கண்டு பயப்படுகிறவர். "கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருலா தம்பி. தொட்டேன்னு வை, எண்ணெய்க் கை பட்டது தெரிஞ்சா எனக்குத்தான் சூசா, வீண் வம்பு" என்பார். அண்ணன் உண்மையாகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, படுத்து, காடியின் அடியில் தலையை விட்டுப் பார்ப்பான். நான் கூடப் போயிருக்கிறேன். என்னையும் கையைக் கட்டச் சொல்லுவான்.

அளவு எடுத்த விதம்தான் வேடிக்கை. தென்னை ஈர்க்குகளைக் கொண்டுபோவான். டிரைவர் அவற்றைச் சக்கரத்தில், கதவில், எஞ்சினில் வைத்து அந்த நீளத்துக்கு ஒடித்துக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் அண்ணன் ஒரு நிற நூலைக் கட்டிக்கொள்வான். வீட்டுக்கு வந்து, நிஜக் காடியில் ஒரு சாண் என்றால் தன் காடியில் ஒரு விரல் என்று கணக்குப் போட்டுக் குறைப்பான். எங்கள் வீட்டு மோட்டில் விளக்குமாறு போல அந்த ஈர்க்குக் கட்டு தொங்கும். அம்மா ஒரு நாள் தெரியாமல் அதை எடுத்து வாசலைக் கூட்டிவிட்டாள். அண்ணன் சாப்பிடாமல் படுத்ததும், அம்மா கெஞ்சியதும் தனிக் கதை.

உடம்பு மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரம். முகப்புக்கு அம்மாவின் ஓட்டைப் பித்தளைச் செம்பு, அதில் பதித்த வலை தேத்தண்ணி வடிகட்டியிலிருந்து கிழித்தது. ஸ்டோரில் வீசிய எஃகுக் கயிற்றைப் பிரித்து, இழை இழையாக எடுத்துச் சக்கரக் கம்பிகள் வைத்தான். ஈயத்தைக் கரைத்துக் களிமண் அச்சில் ஊற்றி எஞ்சின் செய்தான். பற்றவைக்க நவச்சாரம் போடும்போது வெள்ளைப் புகை எழும்பும்; எனக்கு இருமல் வரும், ஆனாலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். மூக்கின் மேல் போகும் வார், பிய்ந்த செருப்பிலிருந்து வந்தது. அதற்குப் பூட்டுக்கூட உண்டு. வாரைக் கழற்றி மூடியைத் தூக்கினால் உள்ளே எஞ்சின், குழாய்கள், நூல் சுற்றிய செம்புக் கம்பிகள் எல்லாம் அப்படியே இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும்.

டயருக்கு மட்டும் தவித்துப் போனான். சுற்றிலும் ரப்பர், கண்ணுக்கெட்டிய வரை ரப்பர். மரத்துப் பட்டையில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை ஒரு பிடி எடுத்திருந்தால் முடிந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் அதில் பந்து செய்து விளையாடுவார்கள். "அது தோட்டத்துச் சொத்து, எடுத்தா திருட்டு" என்று சொல்லிவிட்டான். டிரைவர் தூக்கிப் போட்ட பழைய சைக்கிள் டியூப்பைக் கேட்டு வாங்கி, அடுக்கடுக்காக ஒட்டிச் செதுக்கினான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அவன் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"இவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சா பொண்டாட்டியத் தள்ளிவுட்டு இந்தக் காடிகூடத்தான் குடும்பம் நடத்துவான்" என்பாள் அம்மா.

அண்ணன் சிரிப்பான். அவன் மனசில் இருந்தது வேறு. ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, மோட்டார் பட்டறை வைத்திருந்தார். வேலை கேட்டுப் போனால், படிப்பைக் கேட்க மாட்டாராம். நீ செய்தது ஏதாவது இருந்தால் காட்டு என்பாராம். டிரைவர் சொன்னது. காடியை முடித்து, துணியில் சுற்றி, ரயிலேறிப் போய்த் தவுக்கே முன்னால் வைக்க வேண்டும். அதுதான் அவனுடைய ஒரே ஆசை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

அந்தத் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் துரை பந்தயத்தில் கவிழ்ந்தார். வளைவில் ஸ்டியரிங் திரும்பவில்லை. காடி மரத்தில் மோதிப் பள்ளத்தில் உருண்டது. துரைக்குக் கை முறிந்தது; காடி முறுக்கிப் பிழிந்த துணியாகிவிட்டது. ஸ்டியரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற தண்டில் ஒரு நட்டு கழன்று விழுந்திருக்கிறது, அது கழலாமல் குறுக்கே செருகி வைக்கும் மெல்லிய கம்பியைக் காணோம் என்று ஸ்டோர் எஞ்சினியர் துரை பார்த்துச் சொன்னார். முந்தின நாள் அந்தத் தண்டைக் கழற்றித் துடைத்து மாட்டியது டிரைவர். கம்பியைச் செருகினாரா, மறந்தாரா, அது அவருக்கும் அவர் கும்பிட்ட சாமிக்கும்தான் தெரியும். அன்று முழுக்க அண்ணன் ஸ்டோரில் எஞ்சினோடு நின்றான். அதுவும் சாமிக்குத் தெரியும், ஆனால் சாமியை யார் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்?

துரை யாரிடமும் பேசுவதில்லை, கவிழ்ந்த காடியின் முன்னால் போய் நின்றுகொண்டே இருக்கிறார் என்று பங்களா சமையல்காரர் சொன்னார். அப்பாவுக்கு அது மனசைப் பிசைந்துவிட்டது. அப்பாவை நான் குறை சொல்லத்தான் போகிறேன், ஆனால் அவருடைய இரக்கம் பொய்யில்லை. தீபாவளிக்கு முதல் நாள் அவரே அண்ணனிடம் பேச்செடுத்தார்.

"துரை காடிய எழந்துட்டு நிக்கிறாரு. ஒன் காடியத் தட்டுல வச்சுக் குடுத்தா சந்தோசப்படுவாருடா. அவரு ஒரு வார்த்தை சொன்னா ஈப்போ தவுக்கே ஒன்ன வாசல்ல வந்து கூப்புடுவான்."

"இன்னும் முடியலப்பா. பின்னால பெயிண்ட் அடிக்கல."

"அதெல்லாம் துரைக்கு என்ன தெரியப் போவுது?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசியில், "குடுங்கப்பா" என்றான். அன்று பூராவும் சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டுப் பித்தளையைத் தேய்த்தான். அவன் முகம் அதில் தெரிந்தது.

பங்களாவுக்கு அவன் வரவில்லை, கூச்சம். நானும் அப்பாவும் போனோம். தட்டு எனக்குப் பாரம். அப்பா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். துரை கழுத்தில் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியில் இருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பழத்தை நகர்த்திவிட்டு ஒற்றைக் கையால் அதைத் தூக்கி மேசையில் வைத்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார், சக்கரம் திரும்பியது. வாரைக் கழற்றி உள்ளே பார்த்தார். சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதே இல்லை.

"யாரு செஞ்சது?" என்றார். துரைமாருக்கெல்லாம் தமிழ் தெரியும்; நம்மை வேலை வாங்கப் படித்த தமிழ்.

"என் மவன், துரை. ஸ்டோர்ல எண்ணெய் விடுறவன்."

துரை காரைத் தலைகீழாகத் திருப்பினார். விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போய் முன்சக்கரத்துப் பக்கம் நின்றது. அங்கே கடுகளவு நட்டு ஒன்று, அதன் குறுக்கே மயிரிழைக் கம்பி ஒன்று. அண்ணன் எதையும் விடுகிறவன் இல்லை. துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது.

"இங்க கம்பி இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் காட்டினார் என்று அப்பா சொல்லியிருக்கலாம். டிரைவர் பக்கத்திலேயே நின்றார். அவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ, அத்தனை பேர் முன்னால் தன் பிள்ளையை இன்னும் ஒரு படி தூக்கிக் காட்ட நினைத்தாரோ. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தக் காக்கை வாயைத் திறந்தது.

"அவனுக்குத் தெரியாதது அந்தக் காடில என்னா இருக்கு துரை! யாரும் இல்லாத நேரமாப் பாத்து ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டியிருக்கான். கண்ணக் கட்டிவுட்டாலும் மாட்டுவான்!"

பொய். முழுப் பொய். ஒரு நட்டைக்கூட அவன் தொட்டதில்லை. கை கட்டி நின்ற பிள்ளை. நான் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர்கள் பேசும்போது என்ன என்று அப்பா என் தோளை அழுத்தினார்.

துரை டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது துரை. அவன் வந்ததையே நான் பாக்கல" என்றார் டிரைவர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அண்ணன் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும், எந்த லயத்திலும் அவனைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. கார் துரையின் மேசையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. கப்பலேறியதோ, குப்பைக்குப் போனதோ, யாருக்குத் தெரியும்? எனக்கு இப்போதும் ஒன்றுதான் புரியவில்லை. கம்பியை உருவிப் போட்டுக் கெடுக்க நினைக்கிறவன், தன் காரில் அதே கம்பியை அவ்வளவு பார்த்துப் பார்த்தா செருகி வைப்பான்? படித்த மனிதருக்கு அது ஏன் தோன்றவில்லை? கை முறிந்த வலிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஆள் தட்டில் வந்துவிட்டான்.

வீட்டு வாசலில் புதுச் சட்டையோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் ஓடி வந்தான். "துரைக்குப் புடிச்சிருந்துச்சாப்பா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அம்மா பலகாரத்தைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். "கோவம் ஆறட்டும், அவரே கூப்புட்டுக்குவாரு" என்றார் அப்பா. அண்ணன் பீடோர் ரயிலடிக்கு நடந்தான். பாதித் தூரம் என்னைத் தூக்கிக்கொண்டு போனான், பிறகு இறக்கிவிட்டுத் திரும்பிப் போகச் சொன்னான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "துரைகிட்டப் போயி, பெருமைக்குப் பொய் சொல்லிட்டேன்னு சொல்லுங்க." முதலில் அப்பா, "சொல்றேன்" என்றார். அப்புறம் "நேரம் பாத்துச் சொல்லணும்" என்றார். அப்புறம், "துரைகிட்டப் பொய் சொன்னேன்னா மண்டோர் வேல போவும், வீடு போவும், இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு எங்க போவ?" என்று என்னைக் காட்டினார். லயத்தில் வேறு நாளுக்கு ஒரு பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கெட்டிக்காரப் பயல், கழற்றிப் பார்த்திருப்பான், கம்பியைத் திருப்பி வைக்க மறந்திருப்பான் என்றார்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, "அவனும் தொடாமலா இருந்திருப்பான்?" என்றார். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. தான் பொய்யன் என்று ஒப்புக்கொள்வதைவிட மகன் குற்றவாளி என்று நம்புவது அந்த மனிதருக்குச் சுலபமாகிக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு இது விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கியிருக்காது.

தைப்பூசத்துக்கு ஈப்போவுக்கு வந்தால் பார்க்கலாம் என்று அண்ணன் ஒரு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். போனோம். காவடிக் கூட்டத்தில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மண் அப்பிய முடி, வெடித்த கைகள். பட்டறைக்குப் போனானாம். செய்தது ஏதாவது இருந்தால் காட்டு என்று தவுக்கே கேட்டாராம். "கையில காட்ட ஒண்ணும் இல்லல்லம்மா" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். இப்போது ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டுகிறானாம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அம்மா புளிச்சோற்றைப் பிரித்து வைத்தாள். அவன் சாப்பிடும் வேகத்தைப் பார்த்து அம்மா தன் பங்கையும் தள்ளினாள்.

அப்பா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"உண்மையச் சொல்லுடா. கோச்சுக்க மாட்டேன். அந்தக் கம்பிய நீ தொட்டியா?"

அம்மா, "ஐயோ, என்னா கேக்குறீங்க!" என்று கத்தியேவிட்டாள். அண்ணன் கை சோற்றில் அப்படியே இருந்தது. அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கதானப்பா சொன்னீங்க" என்றான்.

அவ்வளவுதான். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான், அம்மா சமைத்தது ஆயிற்றே. கை கழுவினான். அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டான், என் கன்னத்தைக் கிள்ளினான். போறேன் என்று நம் ஆட்கள் சொல்வதில்லை. "வாரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனான்.

அந்த வருஷ மழையில் சுரங்கத்தின் கரை சரிந்தது. அவனோடு வேலை செய்த ஒருவர் தேடிக்கொண்டு வந்து சொன்னார். நாங்கள் கேள்விப்பட்டபோது அவனை எரித்து நாளாகியிருந்தது. யார் கொள்ளி வைத்தார்கள் என்று அம்மா கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா பெரட்டுக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். பழைய துரை சீமைக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் படியில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "என் மவன் காடியத் தொடல துரை. நான் பெருமைக்குப் பொய் சொன்னேன். அவன் தொடவே இல்ல" என்றார். சொல்லிவிட்டு விம்மி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

புதுத் துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தக் காடி?" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கமாகவே, "ஒன் மகன் எங்க வேலை செய்றான்? அவனை வரச் சொல்லு" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். அம்மா அடுப்பு மூட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துரைகிட்டச் சொல்லிட்டீங்க" என்றாள். "அவன்கிட்டச் சொல்லலியே."